ஒன்பதாவது ஸ்தானம்

இங்கிலாந்தில் 1957-58-ம் வருஷத்துக் கால்பந்து லீக் பந்தயங்களின் புள்ளிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. முதல் டிவிஷனில் ஆடிய 22 கோஷ்டிகளின் பெயர்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. உச்சியில் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கோஷ்டி 64 புள்ளிகளுடன் ஜம்மென்று வீற்றிருக்கிறது. அதற்கடுத்து பிரெஸ்டன். விரலை மெள்ளக் கீழே நகர்த்திக் கொண்டே போனால் ஒன்பதாவது வரியில் மான்செஸ்டர் யுனைடெட். ஆடியது 42, வென்றது 16, சமமாக முடிந்தது 11, தோற்றது 15, புள்ளிகள் 43.

முந்தின இரண்டு வருஷமும் வகுப்பில் முதலாவதாக வந்த பையன் மூன்றாவது வருஷம் ஒன்பதாவது ராங்க்குடன் வந்து நின்றால் எந்தத் தாயார்தான் சந்தோஷப்படுவாள்? 1956-லும் 1957-லும் முதல் ஸ்தானத்தைப் பிடித்த கோஷ்டிதான் இந்த மான்செஸ்டர் யுனைடெட். ஆனால் அந்த ஊர் ஜனங்களிடம் போய், "பாவம், அந்த வருஷம் சறுக்கி விட்டீர்களே!" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கால்பந்து என்றால் பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக் கொண்டு, சட்டையெல்லாம் சேறாக வந்து நிற்கும் சமாசாரம் என்பதற்கு மேல் தெரியாத சகோதரிகளும் இந்த ஒன்பதாவது ஸ்தானத்தின் கதையைத் தாராளமாகப் படிக்கலாம். பந்தைப் பற்றித் தெரிய வேண்டியது சொற்பந்தான்.

லீக் பந்தயம் என்பது அப்போது ஆகஸ்டில் ஆரம்பித்து ஏப்ரல் கடைசி வரையில் நடந்தது. ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற 21 கோஷ்டிகளோடும் இரண்டு தடவை மோத வேண்டியிருந்தது. ஒரு தடவை தன் ஊரில், ஒரு தடவை அவர்கள் ஊரில். ஜயித்தால் அந்தக் காலத்தில் 2 புள்ளிகள், சமமானால் ஒன்று. கப் பந்தயம் வேறு. அதில் தோற்றவர்கள் மூட்டை கட்டிக் கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கப் பந்தயம் கல்யாண விருந்து என்றால் லீக் பந்தயம் அன்றாடச் சமையல். மழையானாலும் பனியானாலும், உடம்பு சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுப்பை மூட்டித்தான் ஆக வேண்டும்.

தேநீர்க்காரிக்கு ஒரு பவுன்

மான்செஸ்டர் யுனைடெட்டின் மானேஜர் மாட் பஸ்பி என்பவர். ஸ்காட்லாந்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன்; தாமும் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். பணத்தைக் கொட்டிப் பேர் பெற்ற ஆட்டக்காரர்களை வாங்குவதைவிட, பள்ளிக்கூடத்துப் பையன்களைப் பொறுக்கியெடுத்துத் தாமே வளர்ப்பது நல்லது என்பது அவருடைய சித்தாந்தம். அவருக்கு வலக் கரமாக இருந்தவர் உதவி மானேஜர் ஜிம்மி மர்பி. வேல்ஸ் தேசத்தவர். இருவருமாகச் சேர்ந்து வளர்த்த பிள்ளைகளுக்குப் பத்திரிகைகள் "பஸ்பியின் குழந்தைகள்" என்றே பெயர் சூட்டிவிட்டன.

வாலிபர்களுக்கான கோப்பை 1952-ல் ஏற்பட்டது. முதல் ஐந்து வருஷமும் அதை வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்காமல் இந்தக் குழந்தைகளே தூக்கிக் கொண்டு வந்தார்கள்!

இப்போது கால்பந்து வீரர்கள் என்றால் கோடிகள் என்று அர்த்தம். அப்போது அப்படியில்லை. ஆட்டக்காரருக்கு வாரம் 17 ஸ்டெர்லிங் பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடே இருந்தது. 1961-ல்தான் அது நீங்கியது. கல்யாணமாகாத பையன்கள் மைதானத்தை அடுத்த தெருக்களில், யாராவது ஒரு அம்மாளின் வீட்டில் வாடகைக்குத் தங்கி, அந்த அம்மாள் வைத்ததைச் சாப்பிட்டு வந்தார்கள். பின்காவலில் நின்ற மார்க் ஜோன்ஸ் கொத்தனார் வேலை கற்றவர். வீட்டில் பறவைகள் வளர்ப்பார். எட்டி கோல்மன் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஸால்போர்டில் பிறந்து வளர்ந்தவர். டங்கன் எட்வர்ட்ஸ் 16 வயதில் முதல் டிவிஷனிலும் 18 வயதில் இங்கிலாந்து தேசக் கோஷ்டியிலும் ஆடிவிட்ட மகா சூரர். ஆனால் மைதானத்துக்குச் சைக்கிளில்தான் வருவார்.

டாமி டெய்லரை மட்டும் 1953-ல் பார்ன்ஸ்லி கிளப்பிலிருந்து விலை கொடுத்து வாங்கினார்கள். பேரம் 30,000 பவுனில் வந்து நின்றது. 'முப்பதாயிரம் பவுன் ஆட்டக்காரன்' என்ற பாரத்தை இளம் பிள்ளையின் தலையில் ஏற்றுவானேன் என்று பஸ்பிக்குத் தோன்றிற்று. சட்டைப் பையிலிருந்து ஒரு பவுனை எடுத்து, அங்கே தேநீர் கொண்டு வந்து கொடுத்த அம்மாளிடம் நீட்டிவிட்டார். விலை 29,999 பவுன் என்று பதிவாயிற்று. பஸ்பி எப்பேர்ப்பட்டவர் என்பதற்கு இந்த ஒரு பவுன் போதும்.

மூன்று மணியாகுமுன்...

1957 ஆகஸ்டில் ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. நடுவில் சறுக்கல்கள். டிசம்பரில் பஸ்பி துணிந்து நாலு பேரை மாற்றினார். டான்காஸ்டர் கிளப்பிலிருந்து ஹாரி கிரெக் என்ற ஐரிஷ் கோல் கீப்பரை 23,000 பவுனுக்கு வாங்கினார். ஒரு கோல் கீப்பருக்கு உலகத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. இருபது வயது பாபி சார்ல்டனை முன்வரிசையில் நிறுத்தினார். அதற்கப்புறம் தோல்வி என்ற பேச்சே இல்லை. ஜனவரி 18-ந் தேதி போல்ட்டன் கோஷ்டியை ஏழுக்கு இரண்டு என்று துவைத்து எடுத்தார்கள். அதில் மூன்று கோல் சார்ல்டன் போட்டவை. இந்த போல்ட்டனை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வரப் போகிறார்கள்.

பிப்ரவரி 1-ந் தேதி, சனிக்கிழமை, லண்டனில் ஆர்ஸனலுடன் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 63,578 பேர். இடைவேளைக்குள் மான்செஸ்டர் மூன்று கோல் போட்டுவிட்டது. கதை முடிந்தது என்று எழுந்து போக நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பின்பாதியில் மூன்றே நிமிஷத்தில் ஆர்ஸனல் மூன்று கோல் திருப்பிப் போட்டது! அதோடு விட்டார்களா பஸ்பியின் குழந்தைகள்? மேலும் இரண்டு போட்டு, ஆர்ஸனலின் இன்னொன்றையும் தாங்கிக் கொண்டு, ஐந்துக்கு நாலு என்று ஜயித்தார்கள்.

அந்தக் கோஷ்டி இங்கிலாந்து மண்ணில் ஆடிய கடைசி ஆட்டம் அது.

லீக்கில் முன்னே ஓடிக் கொண்டிருந்தது வுல்வர்ஹாம்ப்டன். அடுத்த சனிக்கிழமை, அதாவது பிப்ரவரி 8-ந் தேதி, அதே வுல்வர்ஹாம்ப்டனுடன் மான்செஸ்டரில் ஆட்டம். அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஐரோப்பியக் கோப்பைக்காக யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடுக்குப் போய் ரெட் ஸ்டார் கோஷ்டியோடு புதன்கிழமை ஆட வேண்டும். வெளிநாடு போனாலும் லீக் ஆட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாகத் திரும்பிவிட வேண்டும் என்பது லீக் நிர்வாகிகளின் கண்டிப்பு. டிசம்பரில் பிராக் நகரத்திலிருந்து திரும்புகையில் மூடுபனியால் திண்டாடியிருந்தார்கள். ஆகவே இந்தத் தடவை தனி விமானமே அமர்த்திக் கொண்டு போனார்கள்.

பெல்கிரேடில் ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமம். முன்னால் மான்செஸ்டரில் ஜயித்திருந்ததால் மொத்தக் கணக்கில் மான்செஸ்டர் அரை இறுதிக்குப் போய்விட்டது. விருந்து, பாட்டு, கும்மாளம். மறுநாள் வியாழக்கிழமை புறப்படும்போது ஜானி பெர்ரியின் பாஸ்போர்ட்டைக் காணோம். அதைத் தேடி எடுப்பதற்குள் ஒரு மணி நேரம் தாமதம். வழியில் பெட்ரோல் போட்டுக் கொள்ள விமானம் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரில் இறங்கிற்று. அங்கே பனி கொட்டிக் கொண்டிருந்தது.

இரண்டு தடவை விமானம் கிளம்பிப் பார்த்தது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்று இரண்டு தடவையும் விமானி நிறுத்திவிட்டார். எல்லோரையும் இறக்கி நிலையத்துக்குள் அனுப்பினார்கள். இன்றைக்குப் பயணம் இல்லை என்றே டங்கன் எட்வர்ட்ஸ் தீர்மானித்துவிட்டார். ஊரில் தாம் குடியிருந்த வீட்டு அம்மாளுக்கு ஒரு தந்தி கொடுத்தார். விமானங்கள் நின்றுவிட்டன, நாளைக்குத்தான் வருவேன் என்று சேதி. சாப்பாட்டை வைத்துக் கொண்டு காத்திருக்கப் போகிறாளே என்ற கவலைதான்.

சற்று நேரத்துக்கெல்லாம் மறுபடியும் ஏறச் சொன்னார்கள். வண்டியின் பின்பக்கம்தான் பத்திரம் என்று டாமி டெய்லரும் டேவிட் பெக்கும் பின்னால் போய், சார்ல்டனோடும் வயலட்டோடும் இடம் மாற்றிக் கொண்டார்கள். மூன்றாம் தடவையாக விமானம் ஓட ஆரம்பித்தது. ஓடுபாதையின் கோடியில் பனி உருகிச் சேறும் தண்ணீருமாகத் தேங்கியிருந்தது. சக்கரங்கள் அதில் புகுந்ததும் வேகம் குறைந்தது. மேலே எழும்பவும் முடியவில்லை, நிறுத்தவும் பாதை மிச்சமில்லை. வேலியை முறித்துக் கொண்டு போய் ஒரு வீட்டின் மேல் மோதிற்று. அப்போது மணி மூன்றடித்து 4 நிமிஷம்.

எட்வர்ட்ஸின் தந்தி மான்செஸ்டரில் அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மாலை மணி ஐந்துக்கு மேலாகியிருந்தது.

எட்டுப் பேர்

விமானத்தில் இருந்தவர்கள் 44 பேர். அவர்களில் 23 பேர் மாண்டார்கள். எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். எட்டுப் பேர் பத்திரிகைக்காரர்கள். கிளப்பின் காரியதரிசியும் பயிற்சியாளர் இருவரும் போனார்கள்.

தலைவர் ராஜர் பைர்னுக்கு இரண்டு நாள் கழித்து 29 வயது நிறைய வேண்டும். அவர் வீடு திரும்பியதும் சொல்ல வேண்டும் என்று அவர் மனைவி ஒரு சந்தோஷ சமாசாரத்தை வைத்துக் கொண்டிருந்தார். குழந்தை எட்டு மாதங்களுக்கப்புறம் பிறந்தது. ஆண் குழந்தை, அப்பாவின் பெயரையே வைத்தார்கள். டாமி டெய்லருக்கு 26 வயது. ஜெப் பெண்ட்டுக்கு 25. பைர்னுக்குக் காலில் வலி, ஒருவேளை ஆட முடியாமல் போனால் என்று கூட்டிப் போனவர் அவர். ஆடாமலே திரும்பிக் கொண்டிருந்தார். கொத்தனார் மார்க் ஜோன்ஸுக்கு 24. டேவிட் பெக், டப்ளின் நகரத்து லியாம் வீலன் இருவருக்கும் 22. எட்டி கோல்மனுக்கு 21.

எட்டாவது, டங்கன் எட்வர்ட்ஸ். அவர் உடனே போகவில்லை. மியூனிக் ஆஸ்பத்திரியில் 15 நாள் மரணத்தோடு மல்லுக்கு நின்றார். பார்க்க வந்த மர்பியிடம், "வுல்வர்ஹாம்ப்டனோடு ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாராம். பிப்ரவரி 21-ந் தேதி விடியற்காலையில் கண்ணை மூடினார். அவருக்கும் வயது 21-தான்.

கோல் கீப்பர் ஹாரி கிரெக் உடைந்த விமானத்திலிருந்து ரத்தம் வழிய வெளியே வந்தார். வெடித்துவிடும், ஓடு ஓடு என்று கத்தினார்கள். உள்ளே ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. மறுபடியும் உள்ளே நுழைந்தார். குழந்தையைத் தூக்கிக் கொண்டு வந்தார். மறுபடியும் போய்த் தாயைக் கொண்டு வந்தார். அந்த அம்மாள் ஒரு யூகோஸ்லாவிய அதிகாரியின் மனைவி. நிறை கர்ப்பிணி அல்லாவிட்டாலும் கர்ப்பிணி. பிற்பாடு அவருக்குச் சௌக்கியமாகப் பிரசவமாயிற்று. சார்ல்டனையும் வயலட்டையும் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவரும் கிரெக்தான்.

விமானத்தின் இறக்கையில் உறைந்திருந்த பனியை நீக்காததுதான் காரணம் என்று விமானி ஜேம்ஸ் தெயின் மேல் ஜெர்மானிய விசாரணையில் பழி போட்டார்கள். அவருக்கு உத்தியோகமும் போயிற்று. ஓடுபாதையில் தேங்கிய பனிச் சேறே காரணம், அவர் மேல் தப்பில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை சொன்னது 1969-ல். பதினோரு வருஷம் அந்த மனிதர் பழியைச் சுமந்து கொண்டிருந்தார்.

பெயரில்லாத பதினோரு கோடுகள்

ஜிம்மி மர்பி அந்த விமானத்தில் இல்லை. அவர் வேல்ஸ் தேசக் கோஷ்டிக்கும் மானேஜர். அந்தப் புதன்கிழமை கார்டிப் நகரில் வேல்ஸுக்கும் இஸ்ரேலுக்கும் உலகக் கோப்பைக்கான ஆட்டம் இருந்ததால் அங்கே போயிருந்தார். வழக்கமாக பஸ்பிக்குப் பக்கத்தில் அவர் உட்காரும் இடத்தில் இந்தத் தடவை பயிற்சியாளர் பெர்ட் வாலி உட்கார்ந்தார், இறந்தும் போனார். வேல்ஸ் ஜயித்த சந்தோஷத்தோடு மறுநாள் மான்செஸ்டர் ஆபீஸுக்குள் நுழைந்த மர்பியிடம் அங்கிருந்த பெண் காரியதரிசி செய்தியைச் சொன்னாள். தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டு அழுதார்.

உடனே மியூனிக்குக்கு ஓடினார். பஸ்பி பிராணவாயுக் கூடாரத்துக்குள் கிடந்தார். மர்பியின் கையைப் பிடித்துக் கொண்டு, தாம் வரும் வரையில் கொடி இறங்காமல் பார்த்துக் கொள்ளும்படி முணுமுணுத்தார்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு? குழந்தைகளுக்குப் பசிக்கும் அல்லவா? யாராவது ஒருத்தி எழுந்து, கண்ணைத் துடைத்துக் கொண்டு, சுள்ளியை முறித்து அடுப்பில் வைத்தாக வேண்டும். அந்த ஒருத்தியின் வேலையைத்தான் மர்பி செய்தார்.

விமானத்தில் இறந்தவர்களின் சவப்பெட்டிகளை மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்திருந்தார்கள். வெளியில் மழையில் ஜனங்கள் நின்றார்கள். மர்பி ஒரு பக்கம் ஈமச் சடங்குகளுக்குப் போய் வந்தார். இன்னொரு பக்கம் ஆட்டக்காரர்களைத் தேடினார். சிறுவர் கோஷ்டியிலிருந்தும் ரிஸர்வ் கோஷ்டியிலிருந்தும் பையன்களைத் திரட்டி, மான்செஸ்டரின் துக்கம் கண்ணில் படாதபடி பிளாக்பூல் கடற்கரை ஹோட்டலில் கொண்டு போய் வைத்தார். பிளாக்பூல் கிளப்பிலிருந்து 32 வயது எர்னி டெய்லரை வாங்கினார். ரிஸர்வ் கோஷ்டிக்கு ஆளில்லை என்று தெரிந்ததும் பிஷப் ஆக்லந்து என்ற சின்ன ஊர் கிளப், சம்பளம் வாங்காமல் ஆடும் தன் ஆட்டக்காரர்களில் மூன்று பேரை அனுப்பி வைத்தது. அவர்களில் வாரன் பிராட்லி என்பவர் பள்ளி உபாத்தியாயர். மறு வருஷமே இங்கிலாந்துக்காக ஆடினார்!

வுல்வர்ஹாம்ப்டனுடன் நடக்க வேண்டிய ஆட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள். விபத்து நடந்த பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 19-ந் தேதி இரவு, கப் பந்தயத்தில் ஷெபீல்ட் வென்ஸ்டே கோஷ்டியுடன் முதல் ஆட்டம். மைதானத்தில் விற்கும் நிகழ்ச்சி நிரலில் இரு தரப்பு ஆட்டக்காரர்களின் பெயர்களையும் அச்சிடுவது வழக்கம். அன்றைக்கு மான்செஸ்டர் பக்கத்தில் பதினோரு இடங்களும் வெறுமையாக இருந்தன. யார் ஆடப் போகிறார்கள் என்பது அச்சிடும் வரையில் மர்பிக்கே தெரியாது. ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த ஸ்டான் கிரௌதர் கையெழுத்துப் போட்டது ஆட்டம் ஆரம்பிக்க ஒரு மணி சொச்சத்துக்கு முன்னால்தான்.

மியூனிக்கிலிருந்து பிழைத்து வந்தவர்களில் அன்று ஆடியவர்கள் இரண்டே பேர்: ஹாரி கிரெக்கும், புதுத் தலைவர் பில் ஃபோக்ஸும். ஷே பிரென்னன் என்ற பையனுக்கு அதுதான் முதல் ஆட்டம். பழக்கமில்லாத இடத்தில் நிறுத்தப்பட்ட அந்தப் பையன் இரண்டு கோல் போட்டான். பதினெட்டு வயது நிரம்ப இன்னும் இரண்டு நாள் பாக்கியிருந்த அலெக்ஸ் டாஸன் ஒன்று போட்டான். மூன்றுக்குப் பூஜ்யம்! சுமார் 60,000 பேர் கூடியிருந்தார்கள். கைதட்டியவர்களும் அழுதவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்ல.

பதினான்கு ஆட்டங்கள்

கல்யாண விருந்துக்கு ஊரே வந்து கை கொடுக்கும். அன்றாடச் சமையலை நாமேதான் செய்ய வேண்டும். லீக் பந்தயத்தில் இன்னும் பதினான்கு ஆட்டங்கள் பாக்கி இருந்தன.

முதலாவது பிப்ரவரி 22-ந் தேதி, நாட்டிங்காம் பாரஸ்டுடன். முந்தின நாள் விடியற்காலையில்தான் டங்கன் எட்வர்ட்ஸ் இறந்திருந்தார். மைதானத்தில் 66,000 பேருக்கு மேல். ஒன்றுக்கு ஒன்று, சமம். பிறகு வெஸ்ட் பிராம்விச்சிடம் நாலு கோல் வித்தியாசத்தில் தோல்வி. பர்ன்லியிடம் மூன்று கோலில் தோல்வி. அந்த ஆட்டத்தில் மார்க் பியர்ஸன் என்ற 18 வயதுப் பையனை நடுவர் மைதானத்தை விட்டே வெளியேற்றினார். ரௌடிப் பையன்கள் மாதிரி ஆடுகிறார்கள் என்று பர்ன்லி கிளப்பின் தலைவர் பகிரங்கமாகக் கண்டித்தார். ஒரு மாதம் முன்னால் நாடே அந்தப் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விட்டது. அனுதாபத்துக்கும் ஆயுள் கொஞ்சந்தான்.

தப்பு யார் மேலும் இல்லை. ரிஸர்வில் இரண்டு வருஷம் பக்குவப்பட வேண்டிய பையன்களை வாராவாரம் பெரியவர்களோடு மோத விட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் கப் பந்தயத்தின் மறு ஆட்டங்கள். ஒரு பக்கம் தள்ளிப் போட்ட லீக் ஆட்டங்கள். ஈஸ்டர் பண்டிகையின்போது நாலு நாளில் மூன்று ஆட்டம். ஏப்ரல் 16 முதல் 26 வரையில் பதினோரு நாளில் ஐந்து ஆட்டம்! அந்த ஐந்தில்தான் தள்ளிப் போட்ட வுல்வர்ஹாம்ப்டன் ஆட்டமும் வந்தது. எட்வர்ட்ஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாரே, அதேதான். மான்செஸ்டர் நாலு கோலில் தோற்றது. வுல்வர்ஹாம்ப்டன் முதல் ஸ்தானத்தில் முடித்தது.

பதினான்கில் எட்டுத் தோல்வி, ஐந்து சமம், ஒரே ஒரு வெற்றி. அந்த ஒன்று ஏப்ரல் 7-ந் தேதி சண்டர்லண்டில், இரண்டுக்கு ஒன்று என்று கிடைத்தது. காலின் வெப்ஸ்டர் போட்ட கோல்கள். விமான விபத்துக்கு முன்னால் 28 ஆட்டங்களில் 36 புள்ளிகள் சேர்த்திருந்த கோஷ்டி, பிற்பாடு 14 ஆட்டங்களில் சேர்த்தது 7 புள்ளிகள். முப்பத்தாறும் ஏழும் நாற்பத்து மூன்று. ஒன்பதாவது ஸ்தானம் இப்படித்தான் வந்தது.

கப் பந்தயத்தில் மட்டும் அந்தப் பிள்ளைகள் அதிசயம் செய்தார்கள். வெஸ்ட் பிராம்விச்சைக் கடைசி நிமிஷத்துக் கோலில் வீழ்த்தினார்கள். அரை இறுதியில் புல்லாமை ஐந்துக்கு மூன்று என்று வென்றார்கள். டாஸன் மூன்று கோல் போட்டான். மே 3-ந் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர்கள் அதே போல்ட்டன்! ஜனவரியில் ஏழு கோல் வாங்கிக் கொண்டு போனவர்கள் இப்போது இரண்டு கோல் போட்டு ஜயித்தார்கள். இரண்டும் நாட் லாப்ட்ஹவுஸ் போட்டவை. இரண்டாவது கோலின்போது பந்தோடு சேர்த்து ஹாரி கிரெக்கையும் அவர் கோலுக்குள் இடித்துத் தள்ளினார். இன்றைக்கானால் நடுவர் ஒப்புக் கொள்ளமாட்டார். ஐரோப்பியக் கோப்பையிலும் மிலான் கோஷ்டியை ஊரில் ஜயித்து, மிலான் நகரில் நாலு கோலில் தோற்று வெளியேறினார்கள்.

மனைவி சொன்ன பதில்

மியூனிக் ஆஸ்பத்திரியில் மாட் பஸ்பிக்கு இரண்டு தடவை பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனை செய்துவிட்டார். இரண்டு தடவையும் மனிதர் பிழைத்துக் கொண்டார். பிள்ளைகள் செத்துப் போன விஷயத்தை அவரிடம் சொல்லக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்திருந்தார்கள். எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் பக்கத்திலிருந்த மனைவி ஜீனிடம் அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஜீன் அம்மாள் வாய் திறக்கவில்லை. பிழைத்தவன் பெயர் வந்தால் தலையை ஆட்டினாள். போனவன் பெயர் வந்தால் இல்லை என்று தலையை அசைத்தாள்.

ஒரு மனைவிக்கு இதைவிடக் கஷ்டமான வேலை உண்டா?

பந்தாட்டத்தையே விட்டு விடுவது என்று பஸ்பி தீர்மானித்துவிட்டார். இந்தப் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு இட்டுக் கொண்டு போனவர் தாம்தானே என்ற குற்ற உணர்ச்சி அவரை அரித்தது. அப்போதும் ஜீன் அம்மாள்தான் பேசினாள். போன பையன்கள் இருந்தால் நீங்கள் தொடர்ந்து நடத்த வேண்டும் என்றுதான் விரும்பியிருப்பார்கள் என்றாள். பிரசங்கம் ஏதும் இல்லை. அந்த ஒரு வாக்கியந்தான்.

எழுபத்தொரு நாள் ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பின் பஸ்பி ஊர் திரும்பினார். வெம்ப்ளியில் கைத்தடியை ஊன்றிக் கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜானி பெர்ரியும் ஜாக்கி பிளாஞ்ச்பிளவரும் பிழைத்தார்கள். ஆனால் மறுபடியும் பந்தைத் தொடவில்லை. பாபி சார்ல்டன் தாயாரிடம் போய் இருந்துவிட்டு மார்ச்சில் திரும்பி வந்து ஆடினார்.

பத்து வருஷம் கழித்து, 1968 மே 29-ந் தேதி, அதே வெம்ப்ளியில் போர்ச்சுகல் தேசத்து பென்பிகாவை நாலுக்கு ஒன்று என்று வென்று மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. மானேஜர் பஸ்பிதான். மியூனிக்கில் பிழைத்த சார்ல்டனும் ஃபோக்ஸும் அன்று ஆடினார்கள். சார்ல்டன் இரண்டு கோல் போட்டார். பதிமூன்றாம் நாள் இரவு முதல் முதலாக ஆடிய ஷே பிரென்னனும் அந்தக் கோஷ்டியில் இருந்தார். சார்ல்டன் 2023 அக்டோபரில் காலமானார். விபத்தில் பிழைத்த ஆட்டக்காரர்களில் கடைசியாக இருந்தவர் அவர்.

டட்லி நகரில் டங்கன் எட்வர்ட்ஸுக்காக ஒரு மாதாகோவிலில் வர்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். 1961-ல் அதைத் திறந்து வைத்தவர் பஸ்பி. மியூனிக்கில் விபத்து நடந்த இடத்துக்கு 2008-ல் மான்செஸ்டரின் பெயரையே சூட்டினார்கள். மான்செஸ்டர் மைதானத்தில் தேதியும் ஊர்ப் பெயரும் பொறித்த கடிகாரம் ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி மூன்று மணி 4 நிமிஷத்துக்கு ஜனங்கள் அங்கே கூடி மௌனமாக நிற்கிறார்கள்.

கோப்பை வாங்கின வருஷங்களை எல்லோரும் கொண்டாடுவார்கள். அதற்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் அந்த 1958-ம் வருஷத்துப் பட்டியலில் வென்றது, தோற்றது, புள்ளி, ஸ்தானம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, முதல் கட்டத்தில் உள்ள எண்ணை மட்டும் பாருங்கள். மற்ற 21 கோஷ்டிகளுக்கும் அங்கே என்ன போட்டிருக்கிறதோ அதுவேதான் மான்செஸ்டருக்கும் போட்டிருக்கிறது.

ஆடியது: 42.